நேராக ஓடிய வண்டி

அன்று பட்டறையில் நான்கு பேர் இருந்தோம். முன் சக்கர அலைன்மென்ட் பார்க்கும் உபைதுல்லா, அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி லத்தீஃபா, லாரியை ஓட்டி வந்த என் தங்கை மகன் இளையபெருமாள், நான். நல்ல வெயில். லத்தீஃபா எனக்கு மோர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு: வழக்கை முடித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். டிரைவரின் அஜாக்கிரதை என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை நாற்காலியில் உட்காரவைத்துத்தான் விசாரித்தீர்கள். அந்த மரியாதைக்காக இதை என் கைப்பட எழுதுகிறேன். எனக்கு எழுபத்து மூன்று வயது. சுற்றி வளைத்து எழுதத் தெம்பு இல்லை.

எங்கள் லாரிக்கு இருபத்திரண்டு வயது. அறுவடை நாட்களில் கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகும். ஆறு வருடமாக அதை ஓட்டியவன் அன்பரசன். நல்ல டிரைவர், அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. அவன் தாத்தா எங்கள் பண்ணையில் ஏர் ஓட்டியவர். அவருக்குக் கூலி நெல் எங்கள் களத்தில்தான் அளந்தோம். மரக்காலைத் தலைதட்டி அளந்ததே இல்லை. கோபுரமாகத்தான் அளப்போம்.

தை பிறந்ததும் என் மகள் கவிப்ரியா, அன்பரசனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள். மாசியில் மன்னார்குடியில் பதிவுத் திருமணம், நானும் வர வேண்டும் என்றாள். நான் சத்தம் போடவில்லை. சரி என்றேன். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அடித்தது கிடையாது, ஆள் வைத்து மிரட்டியது கிடையாது. அதெல்லாம் தரம் கெட்டவர்கள் செய்வது.

அதே வாரம் அன்பரசன் வாசலில் வந்து நின்றான்.

"ஸ்டேரிங் இடப்பக்கமாவே இழுக்குதுங்கய்யா. கைய எடுத்தா ஆத்துல எறங்கிடும் போல. பாத்துட்டு லோடு ஏத்திக்கலாங்க."

நானே பார்த்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அவனுக்கு அன்று விடுமுறை கொடுத்தேன். கல்யாணத்துக்குத் தன் தாயார் வேம்புவுக்குப் புடவை எடுக்கப் பட்டுக்கோட்டைக்குப் போனான்.

பழைய லாரிகளின் முன்பக்கத்தைச் சரிசெய்வதில் உபைதுல்லாவுக்கு இந்தப் பக்கத்தில் பெயர் உண்டு. அடியில் படுத்து, கடப்பாரையால் நெம்பிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். இரண்டு முன் சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் கம்பியின் முனைகளில் உள்ள மூட்டுகள் தேய்ந்துவிட்டன என்றார். டை ராடு எண்டு என்று அதற்குப் பெயர், புதிதாக வாங்க நான்காயிரம் ரூபாய் ஆகும்.

"இத மாத்தாம அலைன்மென்ட் பாக்குறது ஒடிஞ்ச காலுக்கு செருப்பு தைக்கிற மாதிரிங்க. வெறும் வண்டி நேரா ஓடும். டிரைவரும் சரியாயிடுச்சுன்னு நெனைச்சுக்குவாரு. பத்து டன் ஏத்துனா எந்த வளைவுல கழண்டுக்கும்னு சொல்ல முடியாது."

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். எனக்குக் காது மந்தம் என்று நினைத்து உரக்கச் சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அந்தச் சாமானைத் தஞ்சாவூரில் வாங்கி வைத்திருக்கிறேன், வீட்டில் மாட்டிக்கொள்கிறோம், நீங்கள் அலைன்மென்ட் மட்டும் பாருங்கள் என்றேன். மாட்டிய பிறகு மறுபடி பார்க்க வேண்டியிருக்குமே என்று தயங்கினார். அப்போதும் கூலி தருகிறேன் என்றேன். பில்லில் 'லோடு ஏற்றக் கூடாது' என்று எழுதிக் கொடுத்தார். மடித்துப் பையில் வைத்தேன். அவர் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. இளையபெருமாள் அப்போது ரோட்டோரம் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் தெரியாது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பட்டறையிலிருந்து வந்த வண்டிக்கு, முன் சக்கரங்களின் அடியில் வீட்டுப் பெரியவர் தன் கையால் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். வைத்தால் வண்டி முழுசாக இருக்கிறது, பாரம் ஏற்றலாம் என்று அர்த்தம். வைக்காவிட்டால் டிரைவர் தொட மாட்டார். வைத்த பிறகு குனிந்து பார்ப்பது வைத்தவரை அவமதிப்பது போல. அன்பரசனுக்கு அது தெரியும். மறுநாள் காலை இரண்டு பழம் வைத்தேன். குனிந்து எழ முடியாமல் பானட்டைப் பிடித்துக்கொண்டேன். அவன் ஓடிவந்து என் முழங்கையைத் தாங்கினான். பழங்களை நசுக்கிக்கொண்டு காலியாக ஒரு சுற்று ஓட்டினான். இறங்கும்போது அவன் முகத்தில் சிரிப்பு.

"நூல் புடிச்சாப்ல போவுதுங்கய்யா."

இரண்டு நடை நல்லபடியாகப் போய் வந்தான். மூன்றாவது நடையில், இருநூற்றைம்பது மூட்டையோடு ஆற்றங்கரை வளைவில் வண்டி திரும்பவில்லை. மேட்டூரை மூடி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல்தான். தண்ணீர் இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்கிறார்கள். எனக்குத் தெரியாது.

காரியத்துக்கு இளையபெருமாளிடம் ஒரு மூட்டை பொன்னி அரிசி கொடுத்து அனுப்பினேன். வேம்பு அதை இறக்கவிடவில்லை.

"கொண்டு போயிரு தம்பி. நாலாயிரத்த மிச்சம் பண்ணுனவருக்கு இந்த மூட்டை நட்டமாயிரும்."

இளையபெருமாள் தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் சொன்னான். அன்றுதான் ஊர்ப்பேச்சு என்னவென்று புரிந்தது. உபைதுல்லா சொன்னதைக் கேட்டவர்கள், கிழவர் காசைப் பார்த்துச் சாமான் வாங்காமல் விட்டார் என்று முடிவு கட்டியிருந்தார்கள். டீக்கடையில் என் பெயரைச் சொல்லி இரண்டு விரலால் சில்லறை எண்ணுவது போலக் காட்டுகிறார்களாம்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பதினாறு நாள் பேசாதிருந்த கவிப்ரியா நேற்று என் அறைக்கு வந்தாள். அழவில்லை.

"கேட்டிருந்தா என் வளையலக் கழட்டிக் குடுத்திருப்பேனேப்பா" என்றாள்.

இரவு முழுதும் தூக்கம் இல்லை. விடிந்ததும் எழுத உட்கார்ந்தேன். பழம் வைத்தபோது அவன் திரும்பி வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் வைத்தேன். இதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். இந்தக் காகிதத்தை என் மகளிடமும் வேம்புவிடமும் படித்துக் காட்டுங்கள்.

நான்காயிரம் ரூபாய்க்கு மனம் வராமல் அந்தச் சாமானை வாங்காமல் விட்டேன் என்பது பொய். அன்று பட்டறையில் என் சட்டைப் பையில் பதினோராயிரம் ரூபாய் இருந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் காசுக்குக் கணக்குப் பார்த்ததில்லை.