வேர் காயும் அறை

பெரியவள்: ...இழுக்காதடி! கடப்பாரைய சுத்திவர விட்டு நெம்பு. இழுத்தா பாதி வேர் மண்ணுக்குள்ளயே தங்கிடும்.

சின்னவள்: நெம்பிட்டேன்க்கா. அப்பாடி... எவ்ளோ அடர்த்தி! நம்ம வீட்ல யார் தலையிலயும் இவ்ளோ முடி இல்ல.

பெரியவள்: பூ வர வரக் கிள்ளிப் போட்டோம்ல, அதான் வேருல சத்து இறங்கியிருக்கு.

சின்னவள்: பாவம் இந்த வலேரியன் செடி. ஒரு தடவையாச்சும் பூக்க விட்டிருக்கலாம்.

பெரியவள்: மருந்துக் கடைக்காரர் தூக்க மருந்துக்கு வேரத்தானடி கேக்குறாரு. பூவ வச்சு யாரைத் தூங்க வைக்க? அந்த வாளிய நகர்த்து, அலசுவோம்.

சின்னவள்: இப்ப ஒண்ணும் நாறலையேக்கா?

பெரியவள்: காயக் காயத்தானே அழுக்கு சாக்ஸ் நாத்தம் வரும்... ம்.

சின்னவள்: என்ன ம்?

பெரியவள்: இனிமே வீடு நாறாதாம். எங்க வீட்டுக்காரரு மொட்டை மாடியில கூரை போட்டு, வலைத் தட்டெல்லாம் அடிச்சு வச்சிருக்காரு. எனக்காகப் பாத்துப் பாத்துச் செஞ்சாராம். வேரெல்லாம் இனி அங்கதான் காயணும்.

சின்னவள்: அய்யய்யோ!

பெரியவள்: என்னடி அய்யய்யோ?

சின்னவள்: இல்ல... படியேறணுமேன்னு. அப்ப இத்தன நாளா வேர் காயப்போடுற பின்னறை?

பெரியவள்: வெள்ளையடிச்சு டிவி வைக்கப் போறாங்களாம், அவரும் அவர் தம்பி உன் புருஷனும்.

சின்னவள்: போச்சு.

பெரியவள்: உனக்கென்னடி போச்சு?

சின்னவள்: மத்தியானம்... வேர் திருப்பிப் போடப் போவேன்ல...

பெரியவள்: ஆமா, ஒரு மணி நேரம் திருப்புவ. வேர் திருப்பத் தலகாணி எதுக்குடி?

சின்னவள்: பாத்துட்டீங்களா! நீங்க மட்டும் என்னவாம்? சாயங்காலம் ‘காஞ்சுச்சான்னு பாத்துட்டு வர்றேன்’னு போவீங்க. கொஞ்ச நேரத்துல குறட்டைச் சத்தம் வரும். வேரா குறட்டை விடுது?

பெரியவள்: ஏய்... மெதுவா! குளிக்கப் போனாக்கூடக் கதவத் தட்டுற வீடுடி இது. அந்த அறையில மட்டுந்தான் ‘அம்மா, அது எங்க, இது எங்க’ன்னு எவரும் வர்றதில்ல. உள்ள போய்க் கால நீட்டினா... அவ்ளோ நிம்மதி எனக்கு.

சின்னவள்: எனக்கும்தான்க்கா. நாத்தம் போட்ட பூட்டு.

பெரியவள்: இப்ப என்ன பண்றது?

சின்னவள்: வெயில் பட்டா மருந்துச் சத்து போயிடும்னு சொல்லுங்க.

பெரியவள்: அதுக்குத்தான் கூரையும் போட்டுட்டாரே மனுஷன்!

சின்னவள்: அப்ப அவங்க வேலைவிட்டு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் பின்னறையிலயே பரப்பிடுவோம். நாலு நாள் போனா நாத்தம் ஏறிடும். அப்புறம் அள்ளி எடுக்க யாரு உள்ள வருவா?

பெரியவள்: அத்தை? நமக்கு வாய்ச்ச மாமியார் சும்மா விடுவாங்களா? காலையிலகூட மூக்கைப் பொத்திக்கிட்டு, ‘இந்த நாத்தத்துக்கு ஒரு முடிவு கட்டுங்க’ன்னு கத்தினாங்க.

சின்னவள்: கத்துவாங்க. ஆனா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க. தூக்குங்க கூடைய.

பெரியவள்: சத்தம் போடாம வா... கதவ நீ தள்ளு, என் கையில மண்ணு.

சின்னவள்: அக்கா... உள்ள கட்டில்ல... யாரோ...

அத்தை: பாத்துக்கிட்டே நிக்காம உள்ள வந்து கதவச் சாத்துங்கடி. இருக்கிற நாத்தமும் வெளிய போயிடப் போகுது.