திங்கட்கிழமைக் கை

என் இடது காலைப் போக்கியது கமாண்டர் ஹோல்ட்ஸ்மன். டெஸ்மண்ட் கிட்ரி இல்லை. இதை முதல் வரியாக எழுதச் சொன்னேன். பெயரும் முகவரியும்தான் முதலில் வர வேண்டும் என்று விசாரணை அதிகாரி சொன்னார். இதை எழுதிய பிறகே பெயரைச் சொன்னேன்.

பெயர் டெரீசா லாண்ட்ரி. வயது முப்பத்தொன்று. லூசியானா மாநிலம், போர்ட் செலெஸ்ட், கால்வாய்த் தெருவில் குடியிருக்கிறேன். வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். மாதம் ஒரு சனி ஞாயிறு, கடற்படையின் பகுதிநேரப் படைப்பிரிவு ஒன்றில் மீட்பு ஹெலிகாப்டரில் வேலை. கம்பியில் தொங்கி இறங்கி, தண்ணீரிலோ படகிலோ மாட்டிக்கொண்டவரைத் தூக்கி வருவேன். இப்போது மருத்துவமனைக் கட்டிலிலிருந்து, சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன்.

ஹெலிகாப்டர் கதவோரம் நின்று கம்பியை ஏற்றி இறக்குபவர் டெஸ்மண்ட் கிட்ரி. வார நாட்களில் எண்ணெய்க் கம்பெனி ஹெலிகாப்டரில் இதே வேலையை ஒப்பந்தத்தில் செய்கிறார். கையில் பிடிக்கும் கருவியில் கட்டைவிரலால் உருட்டும் சிறு சக்கரம் இருக்கும். கம்பெனி ஹெலிகாப்டரில் அதை முன்னால் தள்ளினால் கம்பி மேலே வரும். எங்கள் ஹெலிகாப்டரில் முன்னால் தள்ளினால் கம்பி கீழே போகும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் முறை பறப்பதற்கு முன், ஹெலிகாப்டரைத் தரையில் நிறுத்தி, கொக்கியில் மணல் மூட்டையை மாட்டி, கம்பெனிப் பழக்கம் விரலை விட்டுப் போகும்வரை ஏற்றி இறக்குவார். திங்கட்கிழமைக் கையைக் கழற்றுவது என்று இதற்கு எங்களுக்குள் பெயர். இது எந்த விதிமுறையிலும் கிடையாது.

விபத்து நடந்த மாதம் சனிக்கிழமை முழுவதும் ஹெலிகாப்டர் பழுதில் கிடந்தது. எங்களை உட்காரவைத்துப் பாதுகாப்பு பற்றிய வீடியோ காட்டினார்கள். மறுநாள் காலை டெஸ்மண்ட், பெட்ரோல் பங்கில் வாங்கிய, அரிசியும் பன்றிக்கறியும் அடைத்த சூடான பூடான் சாசேஜுடன் வந்தார்.

"என்ன டெஸ், திங்கக்கெழம கையக் கழட்டியாச்சா?" என்று கேட்டேன்.

"இனிமேதான் தாயி. நீ மொதல்ல தின்னு. ஆனா ரெண்டுக்கு மேல தின்னாத. கம்பி அறுந்தா உன் எடையக் கேக்க மாட்டாங்க, என்னத்தான் கேப்பாங்க."

அதன் பிறகு அவர் மூட்டையைக் கொக்கியில் மாட்டினார். அப்போது எங்கள் ஹெலிகாப்டரின் தலைமை விமானி கமாண்டர் ஹோல்ட்ஸ்மன் வந்தார். வார நாட்களில் அவர் பயணிகள் விமானம் ஓட்டுகிறவர்.

"மூட்டையக் கழட்டு கிட்ரி. நேரா கெளம்பிரலாம். சாயங்காலம் எனக்கு ஏர்லைன்ஸ் டூட்டி இருக்கு."

"சார், ஒரு பத்து நிமிஷம் குடுங்க. போன வாரம் பூரா அங்கயே கெடந்தேன். விரலு அந்தப் பக்கமே போவுது."

"இத்தன வருஷமா இதே வேலதான பாக்கற? உன் விரலுக்கு நான் ட்யூஷன் எடுக்கணுமா?"

துணை விமானி சிரித்தார். யார் வேண்டுமானாலும் பறப்பை நிறுத்தலாம் என்று ஹெலிகாப்டர் கொட்டகைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. டெஸ்மண்ட் அதற்கு நேர் கீழேதான் நின்றிருந்தார். அவருடைய மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ரத்தம் சுத்திகரிக்கும் செலவுக்கான காப்பீடு இந்தப் பகுதிநேர வேலையில்தான் கிடைக்கிறது. கம்பெனி ஒப்பந்த ஆட்களுக்கு அது கிடையாது. கமாண்டரை எதிர்த்துப் பறப்பை நிறுத்தியவர்களை அடுத்த மாதம் பறக்கும் பட்டியலில் நான் பார்த்ததில்லை. டெஸ்மண்ட் மூட்டையைக் கழற்றி, சுவரோரம் மெதுவாக வைத்தார்.

அதன் பிறகு விரிகுடாவுக்கு மேலே போனோம். கீழே பயிற்சிப் படகு நின்றிருந்தது. டெஸ்மண்ட் என் பட்டைகளை இரண்டு முறை இழுத்துப் பார்த்து என்னை இறக்கினார். இறங்குவதில் தவறு ஏதும் நடக்கவில்லை. அப்போது அவர் யோசித்து, நிதானமாகச் செய்தார். படகின் தளத்துக்கு மேலே ஓராள் உயரத்தில் நான் தொங்கியபோது அலை படகைத் தூக்கியது. மேலே ஏற்று என்று கை காட்டினேன். அவர் பார்த்தார், தலையாட்டினார். யோசிக்க நேரமில்லை. திங்கட்கிழமைக் கை சக்கரத்தை முன்னால் தள்ளியது, கம்பி கீழே வந்தது. நான் தளத்தில் விழுந்தேன். தொய்ந்த கம்பி என் இடது முழங்காலுக்குக் கீழே காலைச் சுற்றி வளையமாக விழுந்தது. அவர் உடனே விரலை மாற்றினார். அதே நேரம் அலை வடிந்து படகும் கீழே போனது. வளையம் இறுகியது.

அதன் பிறகு என்னைக் கதவு வழியாக உள்ளே இழுத்தார்கள். டெஸ்மண்ட் இடது கையால் மட்டுமே இழுத்தார். வலது கையைத் தன் உடம்பிலிருந்து தள்ளி, தூரமாக வைத்திருந்தார். கமாண்டர் மருத்துவமனைக்கு வேகமாகவும் நன்றாகவும் ஓட்டினார். அதுவும் உண்மை என்பதால் சொல்கிறேன்.

டெஸ்மண்ட் மேல் கவனக்குறைவு என்று குற்றம் சாட்டியிருக்கிறார்கள். படைப்பிரிவு அவரை விலக்கி வைத்திருக்கிறது. கம்பெனியும் விலக்கிவிட்டது. தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தால் காப்பீடு நின்றுவிடும். அவருடைய மனைவி நேற்று எனக்குத் தொலைபேசியில் பேசினாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "டெஸ் ஸ்பூனக்கூட இடது கையாலதான் புடிக்கறாரு டெரீசா" என்றாள்.

குற்றப்பத்திரிகையை எனக்குக் காட்டினார்கள். சக்கரத்தைத் தவறாக இயக்கினார் என்று இருக்கிறது. மணல் மூட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது விதிக்கப்பட்ட பயிற்சி இல்லை, ஆகவே அதை நிறுத்தியது விதிமீறல் ஆகாது என்று விசாரணை அதிகாரி விளக்கினார். எனக்கும் டெஸ்மண்டுக்கும் கமாண்டருக்கும் இரண்டிரண்டு வேலை. கமாண்டரின் இன்னொரு வேலை அன்று ஹெலிகாப்டருக்குள் வந்ததை யாரும் விசாரிக்கவில்லை. டெஸ்மண்டின் இன்னொரு வேலை வந்ததைத்தான் விசாரிக்கிறார்கள்.

இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மூட்டையைக் கழற்றச் சொன்னது யார் என்று கமாண்டர் ஹோல்ட்ஸ்மனைக் கேளுங்கள், அவர் சொல்வதை இதன் கீழே சேருங்கள், அதன் பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவரை எப்போது கேட்பீர்கள் என்றேன்.

விசாரணை அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். நான் கேட்டதையும் அவர் பேனா நீட்டியதையும் எழுதிய பிறகே அதை வாங்கினேன்.

(ஒப்பம்) டெரீசா லாண்ட்ரி