ஆறாம் வீட்டு வேப்பிலை

வேப்பிலை கட்டிய வாசலைத் தாண்டக்கூடாது என்று எங்கள் வீட்டு வரிசையில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஐயா. சொல்லவேண்டிய தேவையும் இருந்ததில்லை. நிலைப்படியில் கொத்து தொங்கினால் உள்ளே அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று பொருள். வீட்டு மனிதரில் ஒருவர் மட்டும் உள்ளே போய்வரலாம். மற்றவர்கள் எட்டி நின்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பெண்டாட்டியை அடிக்கிறவன், கோழி திருடுகிறவன், செத்தவன் வேட்டியை உருவிக் கட்டிக்கொள்கிறவன் எல்லாரும் இந்த ஒரு விதிக்கு மட்டும் சொல்லாமலே கட்டுப்பட்டார்கள்.

நான் சபாபதி. ரயில்வே சரக்குக் கொட்டடியில் கிராணி, எழுத்து வேலை. இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் ஆண்டின் ஐப்பசியில் விஷக்காய்ச்சல் பரவியபோது, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த குற்றத்திற்காகச் சுகாதாரத் துரை என்னை எங்கள் வரிசைக்கு மேற்பார்வையாளன் ஆக்கினார். உத்தரவு எளிமையானது. வீடு விட்டு வீடு போகக்கூடாது. கல்யாணத்திற்கும் சாவுக்கும் கூட்டம் சேரக்கூடாது. பாசார் என்கிற சந்தையும் கள்ளுக்கடையும் அடைக்கப்படும். காய்ச்சல் கண்டவரை உடனே தெரிவிக்கவேண்டும். வண்டி வந்து அவரை ரப்பர் மரங்களுக்கு நடுவே போட்ட கொட்டகைக்கு ஏற்றிச் செல்லும். அந்த வரிசையைக் கயிறு கட்டி அடைப்பார்கள். கயிற்றுக்குள் இருப்பவனுக்கு வேலை கிடையாது. வேலை இல்லாதவனுக்குக் கூலி கிடையாது.

இந்த உத்தரவை எங்கள் மக்கள் எப்படி ஏற்றார்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. தண்டவாளக் கும்பலில் வேலை செய்யும் பக்கிரிசாமி, குழாயடியில் நின்று எல்லாரும் கேட்கும்படி என்னைக் கேட்டான்:

"கள்ளுக்கடையச் சாத்திப்புட்டா, காய்ச்சல் கள்ளுக் கெடைக்காம ஏங்கிச் செத்துருமா கிராணியாரே?"

குழாயடி முழுவதும் சிரித்தது. சிரித்த வாய்களில் பாதி இருமிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் முனகல் கேட்டால் போதும், நான்கு வீட்டுப் பெண்கள் மிளகு ரசத்தோடு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்கள். நோயாளியின் நெற்றியைத் தொட்ட கையாலேயே தம் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவார்கள். அதற்கு அன்பு என்று பெயர். தெரிவிக்கச் சொன்னால் மட்டும் யார் வீட்டிலும் காய்ச்சல் இருக்காது. அஜீரணம் இருக்கும், கண்ணேறு இருக்கும், வெயிலில் நின்றது இருக்கும். துரையோ குதிரை வண்டியை விட்டு இறங்காமலே எங்கள் உடல்நலத்தைப் பார்த்துவிட்டுப் போவார். மூடர்களுக்கும் சோம்பேறிக்கும் இடையில் நின்று ஒழுங்கைக் காப்பாற்றுவது எவ்வளவு தனிமையான வேலை என்பதை நீங்கள் உணர்வீர்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் ஆறாம் வீட்டில் பவுனம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. பவுனம்மாள் என் தங்கை. அவள் கணவன் கன்னையா ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவன். ஓட்டத்தில் இருக்கும் ஆட்கள் லயத்துக்குத் திரும்பக்கூடாது என்று அவனைக் கிள்ளானிலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். வீட்டில் அவளும், நடை பழகிய பெண் குழந்தையும் மட்டுமே இருந்தார்கள்.

நான் அமைதியாக யோசித்தேன். தெரிவித்தால் வண்டி வரும். வரிசைக்குக் கயிறு விழும். இத்தனை குடும்பங்களும் கஞ்சிக்கு வழியின்றி உள்ளே கிடக்கும். எங்கள் வரிசை ஒன்றில்தான் இதுவரை காய்ச்சல் இல்லை என்று துரை மற்ற கிராணிகள் முன்னிலையில் இரண்டு முறை பாராட்டியிருந்தார். சுகாதார அலுவலகத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடப்போவதாகவும் சொல்லியிருந்தார். அதற்காக நான் இதைச் செய்யவில்லை. நடந்தவற்றின் வரிசை விட்டுப்போகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். தெரிவிக்காமல் விட்டாலோ, ரசப் பாத்திரங்கள் அணிவகுத்து உள்ளே போகும்; மறுவாரம் லயமே படுத்துவிடும்.

ஆகவே பட்டப்பகலில், எல்லார் கண்ணெதிரிலும், கோயில் வேம்பில் கொத்து ஒடித்து வந்து ஆறாம் வீட்டு நிலையில் கட்டினேன். தங்கைக்கு அம்மை முத்துப் போட்டிருக்கிறது என்றேன். அண்ணனாகிய நானே உள்ளே போய்வருவேன் என்றும் சொன்னேன்.

எவ்வளவு அழகாக வேலை செய்தது தெரியுமா ஐயா? சர்க்காரும் நானும் தொண்டை வற்றக் கத்தியும் அசையாத கூட்டம், ஒரு கொத்து இலையைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகியது. பக்கிரிசாமி அந்தப் பக்கம் போகும்போது பீடியை அணைத்தான். அடுத்த வீட்டுக்காரர்கள் தாளிப்பதைக்கூட நிறுத்தினார்கள். சுகாதாரம் என்று சொல்லிக் கேட்காதவர்களைப் பயத்தால் சுகாதாரமாக வைத்தேன். துரை வண்டியில் வந்தபோது கொத்தைக் கண்டு, தீபாவளித் தோரணமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மிக அழகாக இருக்கிறது என்றார்.

குழந்தை வெளியே ஓடிவந்துவிடக் கூடாதே என்று கதவின் வெளிச்சங்கிலியை மாட்டிவைத்தேன். தினமும் காலையில் செம்பும் கையுமாக வாசல்வரை போவேன், ஜனங்கள் பார்ப்பார்கள், கும்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உள்ளே போகவில்லை. அதை மறைக்க நான் விரும்பவில்லை. மேற்பார்வையாளனே நோயைச் சுமந்து வீடு வீடாகப் பரப்பினான் என்ற பேச்சு வரலாமா? செம்பில் இருந்த தண்ணீரைப் படியோரத்தில் ஊற்றிவிட்டுத் திரும்புவேன்.

பலகைச் சந்து வழியாகப் பவுனம்மாள் பேசினாள். முதலில் தெளிவாகவே பேசினாள்.

"அண்ணே, ஒரு வாய் தண்ணி குடுத்துட்டுப் போண்ணே. எனக்கு எந்திரிக்க முடியல. பக்கத்துப் பானையில கெடக்குற மிச்சத்தப் புள்ளைக்குத்தான் ஊத்துறேன், அது வேற அழுவுது."

"சத்தம் போடாதே பவுனு. ஊருக்குக் கேட்டால் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்" என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். பிறகு குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். சிறு வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டாதவள்.

ஐந்தாம் வீட்டில் மாரியாயி இருந்தாள். புல் வெட்டும் கைம்பெண். நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் என்னை வழிமறித்தாள்.

"கிராணி, உள்ளாற பவுனு தண்ணி தண்ணின்னு கேக்குறாப்பல இருக்கே. நீங்க குடுத்தீங்களா இல்லியா?"

"கேட்பது பவுனு இல்லை. இறங்கியிருக்கிறவள் கேட்கிறாள். சாமி பேசும்போது குறுக்கே பேசாதே."

அவள் முகம் வெளுத்துவிட்டது. கையைக் கூப்பிக்கொண்டு உள்ளே போனாள். இந்த மூடத்தனத்தை எத்தனையோ முறை எதிர்த்துப் பேசியவன் நான். அன்றுதான் அதன் பயனை ஒப்புக்கொண்டேன். கிள்ளானிலிருந்து கன்னையா, சரக்கு ரயில் ஓட்டுநர் ஒருவர் வழியாகக் கொட்டடியில் என்னிடம் விசாரித்தான். அனைவரும் நலம் என்று பதில் அனுப்பினேன். வேலையில் இருப்பவன் மனம் கலங்கலாமா?

பிறகு பவுனம்மாளின் குரல் நின்றது. மறுநாள் குழந்தையின் அழுகையும் நின்றது. தாய் குளிர்ந்துவிட்டாள் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். பக்கிரிசாமி என் வீட்டு வாசலில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனான்.

துரை கடைசியாக வந்த காலை நல்ல மழை. மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸரும் கூட வந்திருந்தார். வரிசை முழுவதும் தாழ்வாரத்தில் நின்றது. துரை முதல்முறையாக வண்டியை விட்டு இறங்கி எனக்குக் கை கொடுக்க வந்த சமயத்தில், மாரியாயி தன் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். தலையில் துணி இல்லை. ஓடவில்லை, கத்தவுமில்லை.

"கிராணி, நடுப்பலகை சந்துல மழத்தண்ணி வழியுது. அந்தப் பக்கம் புள்ள அதுல வாய வச்சு நக்கிக்கிட்டு இருக்கு. ஆத்தா தண்ணிக்கு நாக்க நீட்டுவாளா?"

"போ உள்ளே" என்றேன். "இது அம்மன் வாசல்."

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்னையக் கொண்டுட்டுப் போவட்டும். எனக்கென்ன, அழுவ ஆளா இருக்கு."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அந்தக் கொத்தைப் பிடுங்கிச் சேற்றில் போட்டாள். சங்கிலியைக் கழற்றினாள். உள்ளே போனாள். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவன்கூட அவளைத் தடுக்கவில்லை. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, துரையின் முகத்துக்கு நேரே நின்று, அவருக்குப் புரியாத தமிழில், இது அம்மை இல்லை, காய்ச்சல், உள்ளே பவுனு செத்துக் கிடக்கிறாள் என்று சொன்னாள். டிரஸ்ஸர் மொழிபெயர்த்தார். அப்புறம்தான் போலீஸ் இன்ஸ்பெக்டராகிய உங்களை அழைத்தார்கள்.

தங்கையைக் கொன்றாயா என்று கேட்கிறீர்கள். தண்ணீர் கொடுக்கவில்லை, சங்கிலியை மாட்டினேன், பொய் சொன்னேன். மூன்றையும் நானே செய்தேன், வேறு யாருக்கும் தொடர்பில்லை. உத்தரவை மீறி அடுத்த வீட்டுக்குள் நுழைந்தவள் மாரியாயி. அவள்மேல் என்ன நடவடிக்கை என்று இதுவரை யாரும் பேசவில்லை. அது உங்கள் பொறுப்பு. டிரஸ்ஸர் உடலைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் தணிந்திருக்கவேண்டும், பிழைக்கவேண்டிய உடம்பு, தாகத்தில்தான் போயிருக்கிறது என்று துரையிடம் சொன்னார். நீங்களும் கேட்டீர்கள். ஆகவே, என் வரிசையில் காய்ச்சலால் ஒருவரும் சாகவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.