இருபத்துநாலு தலை

சக்கர நாற்காலி கிறீச்சிட்டால் எல்லாரும் பின்னால் இருக்கும் பெரிய சக்கரத்துக்குத்தான் எண்ணெய் போடுவார்கள். சத்தம் வருவது முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்திலிருந்து. ஆறு வருடம் வார்டு மேலாளராக இருந்து நான் கற்றுக்கொண்டவற்றில் இது ஒன்று. நீங்கள் கேட்க வந்தது கண்டக்டர் விஷயம், தெரியும். வருகிறேன். விசாரணை அதிகாரிக்குப் பொறுமை வேண்டும். உங்களிடம் அது நிறையவே இருக்கிறது.

எங்கள் வார்டில் முப்பத்தாறு கட்டில். நர்சுகள் பத்தொன்பது நாள் வேலைநிறுத்தம் செய்து வாங்கிய ஒப்பந்தப்படி ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ். தினமும் காலை பத்து மணிக்குச் சங்கத்தின் சார்பில் ஒருவரும் நிர்வாகத்தின் சார்பில் நானும் கட்டில் கட்டிலாகப் போய்த் தலை எண்ண வேண்டும். நர்ஸ் குறைந்தால் நிர்வாகம் உடனே ஆள் அனுப்ப வேண்டும். கூடினால், கூடின ஆளை வீட்டுக்கு அனுப்பலாம். இரண்டு தரப்பும் கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் என்னைத் தவிர யாரும் ஒழுங்காகப் படிக்கவில்லை போலிருக்கிறது. கட்டிலில் இருப்பவர்தான் எண்ணிக்கையில் சேர்த்தி.

முதல் நாள் சத்தியமாகத் தற்செயல்தான். ஆறு பேர் எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தார்கள். முப்பது தலை, ஐந்து நர்ஸ் போதும் என்றாகி, ஒருத்தி வீட்டுக்குப் போனாள். டைரக்டர் போன் செய்து, "எப்படிங்க சாதிச்சீங்க?" என்றார். ஆறு வருடத்தில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது அன்றுதான். அதுவரை எல்லாம் உத்தரவு. நானும் மனுஷன்தானே, உச்சி குளிர்ந்துபோனேன்.

மறுநாளிலிருந்து ஒன்பதே முக்காலுக்குப் பன்னிரண்டு பேரைச் சக்கர நாற்காலியில் ஏற்றி, வார்டின் கோடியில் இருந்த பழைய துணி அறைக்கு அனுப்பினேன். பெரிய ஜன்னல், இதமான வெயில், ஒரு ரேடியோ. நோயாளிகளுக்கு ஒரே கொண்டாட்டம். அதிலும் கண்டக்டர் இருக்கிறாரே, முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர், இதய ஆபரேஷன் ஆனவர், முதல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "படியில நிக்காதீங்க, உள்ள தள்ளிப் போங்க. போலாம், ரைட்" என்பார். தையல் போட்ட வயிறுகள் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் திண்டாடும். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இப்போதும் அவர் நினைப்பு வந்தால் மனசு பாரமாகிவிடுகிறது.

இருபத்துநாலு தலை, நாலு நர்ஸ். ஒரு மாதம் எண்ணிக்கை இப்படியே வந்ததால் இரண்டு நர்சுகளின் இடத்தையே எடுத்துவிட்டார்கள். வார்டு வாசலில் 'மாதிரி வார்டு' என்று பலகை மாட்டினார்கள். மற்ற வார்டு மேலாளர்கள் வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள்.

நர்சுகள் சங்கத் தலைவிக்கு மட்டும் என் மேல் ஒரு கண். பெரியக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம்.

"பத்து மணிக்கு மட்டும் பன்னெண்டு கட்டில் எப்படி சார் காலியாகுது?"

"வெயில் காய வச்சிருக்கோம் பெரியக்கா. உடம்புக்கு நல்லதுதானே."

"அவங்க திரும்பி வந்ததும் முப்பத்தாறு பேருக்கு நாங்க நாலே பேரு சார். நேத்து ரெண்டு பேருக்கு ஊசி தவறிப்போச்சு. ஒருத்தர் பாத்ரூம்ல விழுந்து அரை மணி நேரம் கிடந்திருக்கார். யாருக்கும் தெரியல."

"ஆள் பத்தல பெரியக்கா. நானும் மேல எழுதிக்கிட்டேதான் இருக்கேன்."

உண்மையிலேயே எழுதினேன். கூடுதல் நர்ஸ் கேட்டுச் சங்கம் கொடுத்த மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பெரியக்கா தொழிலாளர் துறை அதிகாரியையே எண்ணிக்கைக்கு அழைத்து வந்துவிட்டார். விஷயம் முந்தின நாளே என் காதுக்கு வந்திருந்தது. துணி அறையில் பன்னிரண்டு பேர் சிரித்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் பதினோரு பேரைக் கீழே தோட்டத்துக்கு அனுப்பினேன். கண்டக்டரால் போக முடியவில்லை. கட்டிலை விட்டு நகர்ந்தால் அவருக்கு ஆக்சிஜன் உருளை வேண்டும். எங்கள் லிஃப்டில் நாற்காலியும் உருளையும் சேர்ந்து நுழையாது. கட்டிலிலேயே விட்டால் இருபத்தைந்து தலை. இருபத்தைந்துக்கு ஐந்து நர்ஸ் கேட்பார்கள். ஒரே ஒரு தலை, பார்த்துக்கொள்ளுங்கள்.

அவரைத் தனியாகத் துணி அறைக்கு நானே தள்ளிக்கொண்டு போனேன். "இன்னிக்கு வண்டி காலியா போகுதே சார்" என்றார். இன்னும் பத்து நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர். அவருடைய மகள் முந்தின நாள்தான், "அப்பாவ உங்கள நம்பித்தான் சார் விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தாள். நல்ல பெண்.

உருளை நாற்பது நிமிடம் தாங்கும். அதைப் பார்த்து மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ், இடம் போன இருவரில் ஒருத்தி. வழக்கமாக எண்ணிக்கை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் நான் கவலைப்படவில்லை. வந்த அதிகாரியோ ஆற அமர வேலை பார்க்கிறவர். ஒவ்வொரு கட்டிலிலும் பேர் கேட்டார், உடம்பு எப்படி என்று விசாரித்தார், கண்ணாடியைத் துடைத்தார். பத்தரைக்குத்தான் பாதிக் கட்டிலைத் தாண்டினார்.

என் முதல் வாக்குமூலத்தில், வேலை நெருக்கடியில் கண்டக்டரை மறந்துவிட்டேன், எல்லாம் ஆள் பற்றாக்குறையால் வந்தது என்று எழுதிக் கொடுத்தேன். பெரியக்கா அதை நம்பி எனக்காகக் கண் கலங்கினார். அதுதான் உறுத்துகிறது. மறதி எனக்குக் கிடையாது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கையில் நிர்வாகம் தலையிட்டது என்ற பேச்சு வரக்கூடாதே என்று அவர்களைத் தனியாக எண்ண விட்டுவிட்டு, நான் துணி அறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தேன். தாழ்ப்பாள் போட்டதும் நான்தான். உள்ளேயிருந்து முதல் தட்டு வந்தபோது அவர்கள் வார்டின் மறுகோடியில், பதினேழாவது தலையில் இருந்தார்கள். திறந்தால் இருபத்தைந்து ஆகிவிடும். கண்டக்டர் அனுசரித்துப் போகிற மனிதர், கொஞ்சம் பொறுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இருபத்துநாலு என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, அதிகாரியை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து திறந்தேன். நாற்காலியில் சரிந்திருந்தார். கை இன்னும் கதவுப் பக்கமே நீண்டிருந்தது.

பதினான்கு முறை தட்டினார். கடைசி இரண்டும் அவர் தட்டியதா, கை நழுவிக் கதவில் பட்டதா என்று சொல்ல முடியாத அளவுக்கு மெதுவாக இருந்தன. இருந்தாலும் சேர்த்துக்கொண்டேன். பதினான்கு என்றே எழுதுங்கள். எண்ணும்போது எதையும் விட்டுவிடுகிற பழக்கம் எனக்கு இல்லை.