வீட்டில் செய்து பார்த்த கருத்துகள்

செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறவர்களை எனக்குப் பிடிக்கும். குறுக்கெழுத்துக்கு மேலே ஒரு சின்னக் கட்டம் வருகிறதல்லவா, அது என்னுடையது. வாரம் ஒரு கருத்து. நாம் ஏன் இப்படி ஆகிவிட்டோம் என்று நாலே பத்தி. நீங்களும் படிப்பதுண்டு என்று சற்றுமுன் சொன்னபோது, இந்த விசாரணை அறையில் முதன்முறையாக எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கருத்து எழுதுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். தொலைக்காட்சியை வாய் கிழியத் திட்டிவிட்டு அதற்கு முன்னாலேயே தட்டோடு உட்காருகிற கூட்டம். எனக்கு அது ஆகாது. எதையும் முதலில் வீட்டில் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். வீடு என்றால் நானும் என் மனைவியும். என்னிடம் கெட்ட பழக்கங்கள் அதிகம் இல்லாததால், செய்து பார்க்கிற வேலை பெரும்பாலும் அவள் தலையில் விழுந்தது.

முதலில் கைபேசி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடையதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். என்னுடையது அலுவலகத்துக்குத் தேவை.

"தங்கச்சி கூப்பிடுவாளேங்க" என்றாள்.

"திங்கக்கிழமை பேசினா ஆகாதா?" என்றேன்.

பேசினார்கள். ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. அந்தக் கட்டுரையைச் சில பள்ளிக்கூடங்களில் அறிவிப்புப் பலகையில்கூட ஒட்டினார்கள்.

அடுத்தது வம்பு. எதிர்வீட்டுத் தையற்காரம்மாவோடு வாசலில் நின்று பேசுவது அவளுக்கு வழக்கம். நம் பொழுதெல்லாம் வாசற்படியில்தான் வீணாகிறது என்று எழுத நினைத்திருந்தேன். ஆகவே வெளியே கிளம்பும்போது கதவை வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போனேன். சீக்கிரமே அவள் பேச்சு குறைந்துவிட்டது. என்னிடம்கூடக் குறைந்துவிட்டது. அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டியது. அவளுக்குச் சிறு வயதிலிருந்தே இளைப்பு. மூச்சுத் திணறினால் இன்ஹேலரை வாயில் வைத்து இரண்டு இழுப்பு இழுப்பாள், சரியாகிவிடும். அவ்வளவு சுலபமாகச் சரியானதுதான் எனக்கு உறுத்தியது. எதற்கெடுத்தாலும் மருந்து என்று பழகிவிட்டோமே. அதை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டு, நிதானமாக மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தேன். சில நாள் எப்படியோ சமாளித்தாள். என் மனைவி தானாகவே மருந்தைத் தூக்கிப் போட்டாள் என்று எழுதினேன். வாசகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஒரு சங்கம் எனக்குப் பாராட்டு விழாவே ஏற்பாடு செய்தது, ஞாயிற்றுக்கிழமை மாலையில்.

விழாவுக்கு முந்திய வாரம் அரிசி டப்பாவுக்குள் இன்னொரு இன்ஹேலர் அகப்பட்டது. தையற்காரம்மா ஜன்னல் கம்பி வழியாக வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நான் கோபப்படவில்லை.

"என்னப் பொய்யனாக்கிட்டியே" என்று மட்டும் சொன்னேன்.

"உங்களுக்குத் தெரியாம இருந்தா, நீங்க பொய் சொன்னதா ஆகாதேன்னு நெனச்சேங்க."

என் பெயரைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறாள், பாவம். மனசு இளகிவிட்டது. அதையும் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிறு, கதவைப் பூட்டிக்கொண்டு தெருமுனைவரை போனவன், மூக்குக்கண்ணாடியை மறந்தது நினைவுக்கு வந்து திரும்பினேன். பூட்டில் சாவியை நுழைத்தபோது உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது கேட்டது.

"என்னங்க... மருந்து... உங்க பையில..."

இடையிடையே விசில் மாதிரி ஒரு மூச்சு. பை என் தோளில்தான் தொங்கியது. கைபேசி அலமாரிக்குள் இருந்தது. எதிர்வீடு அன்று பூட்டிக் கிடந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். கதவைத் திறந்து கொடுத்திருக்கலாம், மறுக்கவில்லை. கொடுத்துவிட்டு மேடையில் எந்த முகத்தோடு நிற்பது? மேடையில் காட்டுவதற்காகக் கட்டுரையைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எப்படி மூச்சுவிட வேண்டும் என்று அதில் தெளிவாகவே சொல்லியிருக்கிறேன். கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக அதை உள்ளே தள்ளினேன்.

"மூணாவது பத்தியப் படி" என்று சொல்லிவிட்டு, சாவியை உருவிக்கொண்டு கிளம்பினேன்.

கண்ணாடி இல்லாமலேயே பேசினேன். உரை எனக்கு மனப்பாடம். நன்றாகக் கைதட்டினார்கள்.

ஆமாம், நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் அந்த மூன்று கருத்துகளையும் தனித்தனியாகப் படித்துப் பாருங்கள், எதிலும் உங்களால் குறை சொல்ல முடியாது. என் கட்டத்தில் இப்போது சமையல் குறிப்பு போடுகிறார்களாம். அது கொஞ்சம் வலிக்கிறது. அவள் இல்லாததும் வலிக்கத்தான் செய்கிறது.

ஒரே ஒரு திருத்தம். கட்டுரை அவள் கைக்குள் கசங்கிக் கிடந்தது என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை மட்டும் மாற்றிவிடுங்கள். கடைசிவரைக்கும் கீழே வைக்காமல் படித்திருக்கிறாள்.