பேரு மட்டும் பாக்கி

– நம்ம கல்யாணத்துக்கும் சாப்ட்வேர் புராஜெக்ட் மாதிரி வாட்டர்ஃபால்தான் செல்வி சரி. மொதல்ல முழு பிளான், அப்புறம் வேலை, கடைசியா டெஸ்டிங். எல்லாம் முடிச்சிட்டு ரெண்டு வீட்லயும் ஒரே நாள்ல சொல்லிடலாம். அதுவரைக்கும் ஆபீஸ்ல கூட ஒருத்தருக்கும் தெரியக்கூடாது.

– ரெண்டு வருஷமா பிளான்லயே நிக்கிற சித்து. இந்த மரக்காணம் பஸ் ஸ்டாப்புல வந்து நின்னும் பிளானா?

– அதோ எங்கப்பா வேலை செய்யற உப்பளத்தப் பாரு. தண்ணி மொத பாத்தி, ரெண்டாம் பாத்தின்னு வரிசையா எறங்கி வந்தாத்தான் உப்பு. நடுவுல பூந்து வார முடியுமா?

– நடுவுல மழை பேஞ்சா?

– மழைக்கு யாரு என்னா பண்றது?

– அதுக்குத்தான் நான் அஜைல்ல போனேன். வீட்ல கொஞ்சம் சொல்றது, அவங்க மூஞ்சியப் பாத்துட்டு அடுத்தது. ஒரு பையனப் புடிச்சிருக்கு, சாப்ட்வேர்னேன். அம்மா திட்டல. அடுத்த வாரம் மரக்காணம், உப்பளத்துக் குடும்பம்னேன். அப்பாவும் பேசாம இருந்தாரு.

– பேரு?

– அது கடைசி ரிலீஸ். சித்தார்த்தன்னா, எந்த சர்ச்சு, எந்தப் பங்குன்னு அப்பா கேப்பாரு. இந்த ஆரோக்கியசெல்வி என்னத்த சொல்லுவா?

– சும்மா சொல்லக்கூடாது, உன் அஜைல் சில பேருக்கு ஒத்து வரும். நம்ம டீம் லீடர், எங்க ஊருக்காரரு, அந்தோணிராஜ். ஏதோ ஒரு பொண்ணு மேல ஆசையாம், சொல்ல பயம். பிளானெல்லாம் வேணாம், வீட்டுப் பெரியவங்களோட நேரா போங்க, மத்தத அப்புறம் திருத்திக்கலாம்னேன்.

– எப்ப சொன்ன?

– போன வாரம், கேன்டீன்ல. ஏன்?

– சும்மா.

– ஏய், அழுவுறியா? எதுக்கு அவசரமா வரச் சொன்ன?

– நேத்து ஒரு பையன் வீட்டோட வந்தாரு. சாப்ட்வேர். மரக்காணம். உப்பளத்துக் குடும்பம். நான் சொன்ன பையன் இவருதான்னு நெனச்சி அப்பா தட்டு மாத்திட்டாரு.

– இவரு இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே!

– சொல்லத்தான் வாயெடுத்தேன். 'உன் இஷ்டப்படியே முடிச்சிட்டேம்மா'ன்னு தலையத் தொட்டு அழுதாரு சித்து. எங்கப்பா அழுது நான் பாத்ததே இல்ல.

– அவன் யாரு செல்வி? பேரச் சொல்லு, நான் போயி பேசறேன்!

– நீ ஏற்கெனவே பேசிட்ட சித்து. கேன்டீன்ல.