நாற்பத்தொன்றாம் புள்ளியும் ஒரு ஜன்னலோரமும்

எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க்குழாய் தருவதாய்ச் சொல்லி ஒன்பது வருசமாய் மறந்த, நான் மறக்காத, தலைவர் பொம்மையன் அவர்களே, ரோஜா நிறச் சட்டை போட்டு ஆடிய லீக் கபடி வீரர்களே, பயிற்சியாளர் நூர் அகமது தம்பி அவர்களே, நூல் மில் பஸ்ஸில் இறங்கித் தலையில் ஒட்டிய பஞ்சை உதறாமல் வந்திருக்கும் வேடசந்தூர்த் தாய்மாரே, பெரியோரே, அனைவருக்கும் இந்த அய்யம்மாளின் வணக்கம்.

இன்று எடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெண்ணுக்கு மார்புப் புற்றுநோய்ச் சோதனை இலவசம். சோதனை வண்டி மைதானத்துக்குப் பின்னால் நிற்கிறது. என் கையில் சீட்டு நாற்பத்தொன்று. கூப்பிட்டால் போவேனா, ஓடுவேனா, எனக்கே தெரியவில்லை.

"ஆத்தா, ஆட்டத்தப் பத்திப் பேசுங்க" என்கிறார் ஒருவர். செத்த நேரம் பொறு அப்பு, அதுக்குத்தான் வாரேன்.

கடைசி ரைடு போனாரே விக்னேஷ்குமார், யார் பெற்ற பிள்ளை? என்னோடு மில்லில் அறுந்த நூல் ஒட்டிய சண்முகவள்ளி பெற்ற பிள்ளை. மில் பஸ்ஸில் தூக்குவாளியை வைத்து எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைப்பவள் அவள். ஒருநாள், "இனிமே ஜன்னலோரம் எனக்குத்தான்டி" என்றாள். "மகராசிக்குக் காத்து கேக்குதோ" என்றேன். அந்த ரோசத்தில் ஆறு மாதம் அவளோடு நான் பேசவில்லை.

அவள் கேட்டது காற்றா? கண்ணுக்குக் காட்சியா? இடது மார்பில் கட்டி. யார் தோளும் இடிக்காத ஓரம் கேட்டிருக்கிறாள். மகன் ஆட்டம் கெடும் என்று சேலைக்குள் மறைத்தாள், சிரிப்புக்குள் மறைத்தாள், சாவு வரைக்கும் மறைத்தாள். அந்தக் கோபம் அவள் மேலும் ஆறவில்லை, என் மேலும் ஆறவில்லை.

நேற்று டவுன் பஸ்ஸில் கண் அசந்தேன். பஸ் ரோட்டில் ஓடவில்லை, சிறுமலை மேகத்தில் மிதந்து போகிறது. பஞ்சு பறக்கிறது, பூவாய்ப் பறக்கிறது, கனவாய்ப் பறக்கிறது. சண்முகவள்ளி ஜன்னலோரத்தைத் தட்டிக் காட்டி, "எந்திரிச்சு வாடி" என்கிறாள். விழித்துப் பார்த்தால் ஜன்னலோரத்தில் இருப்பது நான். தாய்மாரே, ஒரு மாதமாய் நானும் அந்த ஓரத்தைத்தான் தேடி உட்காருகிறேன்.

இன்று அவள் மகன் மூச்சை அடக்கி, ஐந்து பேர் நடுவே நுழைந்து, விரல் நுனியால் ஒருவரைத் தொட்டு, நடுக்கோட்டில் வந்து விழுந்தார். அது நாற்பத்தொன்றாம் புள்ளி. மண் ஒட்டிய கையோடு என்னிடம் வந்தார்.

"அத்தே, இந்தச் சீட்டு ஒங்களுக்கு."

"எனக்கு எதுக்குய்யா?"

"எங்கம்மா மாதிரியே இடது கைய ஒடுக்கி நடக்குறீங்க. அப்ப எனக்கு வெவரம் தெரியல."

அதோ, கூப்பிட்டுவிட்டார்கள். நாற்பத்தொன்று.

பொம்மையன் தம்பி, மைக்கைப் பிடிங்க, தண்ணீர்க் கணக்கைத் திரும்பி வந்து பேசுகிறேன். காது கொடுத்த உங்கள் அன்புக்குக் கும்பிடு. சீட்டு வைத்துக்கொண்டு பயந்து உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து வாருங்கள். என் வலது பக்கம் ஒட்டியே நடங்கள். போயிட்டு வாரேன்.